புயலுக்குத் தப்பிய அடுப்படி

நவம்பர் 9, சனி

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்ற செய்தி எங்கள் ஊரில் எனக்குத்தான் முதலில் வந்தது. கடல் எங்கள் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் செய்தி மஸ்கட்டிலிருந்து வந்தது.

நூலகத்தைத் திறந்து பேப்பர்களைப் பிரித்து மேசையில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார்.

"மனோ, விளையாட்டு இல்ல இது. பெருசா வரப்போவுது. நேரா வேதாரண்யம் பக்கந்தான்."

"பேப்பர்ல இன்னும் தாழ்வு நிலைன்னுதானே போட்டிருக்கு?"

"பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்? நான் காலையிலேருந்து மேப்பு பார்த்துக்கிட்டிருக்கேன். சேப்பா ஒன்னு சுத்துது பாரு, அப்படியே நம்ம அடுப்படிய பாத்துத்தான் சுத்துது."

நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வாசகர்கள் யாரும் வராத நேரத்தில் உலக விஷயங்களை யோசிக்க நிறைய அவகாசம் உண்டு. என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஒரு பெரிய கட்டுமான கம்பெனியில் ஃபோர்மேன். அவருக்கு வேலை நாளில் மூச்சுவிட நேரமிருக்காது என்றுதான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து மேப்பு பார்க்க முடிகிறதென்றால் சந்தோஷம்தான்.

"சைட்டுக்குப் போவலியா?" என்றேன்.

"இன்னிக்கு ரெஸ்ட்டு."

வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை. நேற்று வெள்ளி. மாற்றியிருப்பார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று மட்டும் எத்தனை தடவை கூப்பிட்டார் என்று கணக்கு வைக்கவில்லை. குளிக்கும்போது ஒருமுறை எடுக்க முடியவில்லை. அதற்குப் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு மங்கைக்குப் போட்டு, நான் ஈரத்தலையோடு வெளியே வரும்வரை அவள் எங்கள் வாசலில் நின்றாள்.

உத்தரவுகள்: தென்னை மரத்தில் காய்களை இறக்க வேண்டும். மட்டைகளைக் கழிக்க வேண்டும். மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். காலியாக இருந்தால் பறந்துவிடும். மகள் அபியின் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைக்க வேண்டும். ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்த வேண்டும்.

மத்தியானம் இன்னொரு உத்தரவு வந்தது. காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமாம். யாரோ அனுப்பிய வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னாராம். சாயங்காலம் வேறொரு வெள்ளைக்காரர், திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று ஜன்னலை அப்படியே விட்டுவிட்டேன்.

பேசும்போது அவருக்குப் பின்னால் ஒரு கம்பியில் நாலைந்து பேருடைய சட்டைகள் தொங்கின. கட்டிலில் ஒருவர் போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருந்தார். பட்டப்பகல்.

"அவருக்கு நைட் ஷிப்ட்டு," என்றார், நான் கேட்காமலேயே.

நவம்பர் 11, திங்கள்

மரமேறி வந்தார். காய் இறக்கியாயிற்று. மட்டை கழித்த தென்னை, முடிவெட்டிக்கொண்டு வந்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிற்கிறது.

மங்கை சுண்டலோடு வந்து உட்கார்ந்தாள். அவள் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அவள் தம்பியும் மஸ்கட்டில்தான், ஒரு ஓட்டலில் இருக்கிறான். அவள் நேராக எதையும் சொல்லமாட்டாள். கோடு போட்டு, ரோடு போட்டு, கடைசியில்தான் வண்டியை விடுவாள்.

"அக்கா, அங்க ஏதோ பெரிய கட்டட கம்பெனிய இழுத்து மூடிட்டாங்களாம். தம்பி சொன்னான். நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேரு ரூம்லயே உக்காந்திருக்காங்களாம்."

"மஸ்கட்டுல கம்பெனிக்கா பஞ்சம்?"

"அதில்லக்கா, பச்சை கலர் போர்டு போட்ட கம்பெனின்னான்..."

"எல்லாருந்தான் பச்சை போர்டு போடுறாங்க. சுண்டல்ல உப்பு கம்மி மங்கை."

உப்பு சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

அபி கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். திருவாரூரில் விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக அவள் அப்பாவின் ஃபோனில் மாட்டிக்கொண்டாள். அவருக்கு இப்போது இரண்டு வேலையாட்கள்.

இன்றைய வேலை, வலை.

இதை விவரமாக எழுத வேண்டும். எங்கள் வீட்டின் முன்பகுதி காங்கிரீட் தளம். பின்பக்கம் அடுப்படி மட்டும் ஓட்டுக் கூரை. போன தடவை இவர் லீவில் வந்திருந்தபோது என் அண்ணன், கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "இத்தனை வருஷம் வெளிநாடு, இன்னும் ஓட்டுக்குக் கீழதான் எந்தங்கச்சி சமைக்கிறா," என்று சிரித்தான். இவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "அடுப்படிக்குத் தளம் போட வழி பண்ணாம இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அண்ணன் அன்றைக்கே மறந்துவிட்டான். இவர் மறக்கவில்லை. அது ஆகிவிட்டது இரண்டு வருஷத்துக்கு மேல்.

அந்த ஓட்டைக் காப்பாற்றத்தான் இன்றைய போராட்டம்.

"மீன்காரங்ககிட்ட பழைய வலை கிடக்கும். வாங்கி கூரை மேல முழுசா விரிச்சுப் போடு. நாலு மூலையிலும் முளை அடிச்சு இழுத்துக் கட்டு. ஓடு ஒன்னு கிளம்பினாத்தான் மத்ததும் கிளம்பும். மொத ஓட்ட கிளம்பவிடக் கூடாது."

"ஊரே பாத்து சிரிக்கும். வீட்டுக்கு மீன் பிடிக்கப் போறமான்னு."

"சிரிக்கட்டும் மனோ. நான் சொல்றத செய்."

கொத்தனார் சௌரிராஜன் வந்தார். ஃபோனை மதில்மேல் சாய்த்து வைத்துவிட்டோம். மேலே சௌரி அண்ணன், கீழே நானும் அபியும், மதில்மேல் அவர். வலையின் ஒரு முனையைச் சௌரி அண்ணன் வீசினால், "இன்னும் ஒரு முழம் தெக்கால" என்று மஸ்கட்டிலிருந்து சத்தம் வரும்.

"தங்கச்சி, இவர நீங்க அங்க அனுப்பினதுக்கு பதிலா, ஃபோன மட்டும் அங்க அனுப்பிட்டு ஆள இங்க வச்சிருக்கலாம்," என்றார் சௌரி அண்ணன்.

எல்லாரும் சிரித்தோம். ஃபோனிலிருந்து சிரிப்பு வர கொஞ்சம் நேரமாயிற்று. சிக்னல் அப்படி.

முளை அடித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அபி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மா, அப்பா எப்பப் பாத்தாலும் கைலியிலேயே இருக்காரு?"

"அங்க வெயில்டி."

"நவம்பர்லயா?"

"பாலைவனம்னா சும்மாவா?"

அவள் கயிற்றை ரொம்ப ஒழுங்காகச் சுருட்டினாள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஊரில் ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கிறார்கள். டீக்கடையில் கடைசியாக, "வரப்போறவன்" என்று முடிவாகியிருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

நூலகத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றி, உரச்சாக்கால் மூடிவிட்டு வந்தேன். தலைமுறை தலைமுறையாக யாரும் தொடாத புத்தகங்கள் அவை. இன்றைக்குத்தான் அவற்றை ஒருவர் மார்போடு அணைத்துத் தூக்கியது.

கடலோரத் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லித் தண்டோரா போட்டார்கள். எங்கள் வீடு தளம் என்பதால் மங்கையும் அவள் வீட்டுக்காரரும் அவளுடைய ஆடுகளும் இங்கே வருவதாக ஏற்பாடு. ஆடுகளை வெளியே மாடிப்படிக்குக் கீழே கட்டியிருக்கிறோம்.

அரிசி, பருப்பு, பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேட்டரி. குடம், அண்டா, குக்கர், டம்ளர்வரை தண்ணீர் பிடித்தாயிற்று. அபி, "பூச்சாடியிலயும் புடிச்சிருக்கேன்," என்றாள்.

மத்தியானம் கரண்டை நிறுத்துவதற்கு முன்னால் அவர் கடைசியாகப் பேசினார். இந்தத் தடவை உத்தரவு இல்லை. தாடி வளர்ந்திருந்தது. நரை எப்போது இவ்வளவு வந்தது?

"மனோ, ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க. காத்து அடிச்சு ஓஞ்சு திடீர்னு அமைதியாவும். வெயில்கூட அடிக்கும். போயிருச்சுன்னு நெனச்சு வெளிய வந்துராத. அது நடு. அதுக்கப்புறம் எதிர்ப்பக்கத்துலேருந்து வரும். அதுதான் கொல்லும்."

"சரிங்க."

"நான் இருந்திருக்கணும்."

"வேலைய விட்டுட்டு வர முடியுமா? நீங்க அங்க இருக்கறதுதான் எங்களுக்கு தெம்பு," என்றேன்.

சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 16, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததே தெரியவில்லை. வானம் விளக்கெண்ணெய் நிறத்தில் இருந்தது. காலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தது. காற்றின் சத்தம் என்று பேப்பரில் எழுதுவார்கள். அது சத்தம் இல்லை, பாரம். கதவின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. மங்கையின் வீட்டுக்காரரும் நானும் முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்கினோம். ஆடுகள் ஒரு கட்டத்துக்குமேல் கத்துவதை நிறுத்திவிட்டன. அபி அடுப்படிக்குப் போகும் கதவிடுக்கு வழியாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஓடு மூச்சு விடுதும்மா. எழும்புது, வல அழுத்துது. எழும்புது, அழுத்துது."

பத்து மணி இருக்கும். சட்டென்று நின்றுவிட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடு தரையில் விழுந்தது. எங்கோ ஒரு காக்கை.

மங்கை எழுந்து தாழ்ப்பாளை நீக்கி வெளியே இறங்கிவிட்டாள். ஒரு குட்டியைக் காணோம், கயிற்றை அறுத்துக்கொண்டு எப்போதோ ஓடியிருக்கிறது. "முடிஞ்சிருச்சுக்கா, பாருங்க, வெயிலு!" என்றாள். குட்டி தென்னை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அவர் சொன்னது காதில் கேட்டது. நான் ஓடினேன். மங்கை குட்டியைப் பிடித்துவிட்டாள். நான் மங்கையின் பின்னலைப் பிடித்தேன். கையைப் பிடித்திருக்கலாம், பின்னல்தான் கிடைத்தது.

"விடுக்கா, வலிக்குது!"

"உள்ள வாடி! இது நடு! எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு!"

குட்டியை மங்கை இழுக்க, மங்கையை நான் இழுக்க, மூன்று பேரும் படியேறியபோதே எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்துவிட்டது. கதவைச் சாத்தியபிறகுதான் அந்த இடி மாதிரியான சத்தம். மட்டை கழித்த தென்னைதான். வேரோடு சாய்ந்து, குட்டி நின்ற இடத்தில் படுத்திருந்தது.

மங்கை குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, "அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கேன்," என்றாள். அழுதாள். நானும் அழுதேன். அபி இருவருக்கும் பூச்சாடியிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் எல்லாம் அடங்கியபிறகு வெளியே வந்தோம். ஊரே தலைகீழாகக் கிடக்கிறது. மங்கை வீட்டுத் தகரக் கூரை, நூலகத்துச் சுற்றுச்சுவரில் தொங்குகிறது. மாந்தோப்பு என்று ஒன்று இருந்த இடத்தில் வானம் இருக்கிறது. உயிர்ச்சேதம் எங்கள் தெருவில் இல்லை.

எங்கள் அடுப்படிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஓடுகூட விரிசல் இல்லை. வலைக்குள் மீன்மாதிரி அத்தனை ஓடும் அப்படியே இருக்கின்றன. வலையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அவரிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு சந்தோஷப்படுவார். ஃபோனில் உயிர் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மரம் அறுக்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. எங்கள் அடுப்படியில் தெருவுக்கே சோறு வெந்தது.

நவம்பர் 18, திங்கள்

மெயின்ரோட்டில் ஒரு டவருக்கு ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அபியும் நானும் சாய்ந்த மின்கம்பங்களைத் தாண்டித் தாண்டி நடந்து போனோம். அங்கே திருவிழாக் கூட்டம். எல்லாரும் ஃபோனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கடைக்காரர் டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட்டுக்கொடுத்தார்.

முதல் ரிங் முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"மனோ!"

"நல்லாருக்கோம். அபி இந்தா இருக்கா. எல்லாரும் நல்லாருக்கோம்."

அந்தப் பக்கம் ஒரு ஆள் சத்தம் போட்டு அழுவது கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. கூட இருந்தவர்கள், "என்ன அண்ணே, நல்லாருக்காங்கல்ல" என்பதும் கேட்டது. ஒருவர் இல்லை, நாலைந்து குரல். திங்கட்கிழமை முற்பகல். அந்த அறையில் எல்லாருக்குமே நைட் ஷிப்ட்டு போலிருக்கிறது.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி: "அடுப்படி?"

நான் வாயைத் திறந்தேன். 'நீங்க சொன்ன வலைதாங்க காப்பாத்திச்சு, ஒரு ஓடு அசையல' என்று வழி முழுக்க அபியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். நுனிநாக்கில் இருந்தது.

"போயிடுச்சுங்க," என்றேன்.

பக்கத்தில் அபி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"போயிடுச்சா? வலை?"

"வலையோட சேத்து கிளம்பிருச்சு. ஓடெல்லாம் போச்சு. மழை வந்தா சமைக்க முடியல. சௌரி அண்ணனும் கையில கிடைக்கமாட்டாரு, ஊருல எல்லா வீட்டுக்கும் அவரு ஒருத்தருதான். நானும் பொட்டப்புள்ளையும் என்ன பண்றது? நீங்க வந்தாத்தான் ஆவும்."

"நான்... தளம் போடற நெலமையில..."

"தளத்த யாரு கேட்டா? ஓடு மாத்த ஆளு வேணும். புயல் அடிச்ச வீட்டுக்கு ஆம்பள வர்றத யாரு என்ன சொல்லுவா? அவசர லீவு கேளுங்க. குடுப்பாங்கல்ல?"

"கேட்டா குடுப்பாங்கன்னு நெனக்கிறேன்," என்றார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது, இறுக்கிக் கட்டிய கயிற்றை யாரோ கொஞ்சம் தளர்த்திய மாதிரி. "அடுப்படிய ஒரு படம் எடுத்து அனுப்பு மனோ. கேட்டா காட்டணும்."

"அனுப்புறேன்."

யார் கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அபி எனக்கு முன்னால் நடந்தாள். பாதி தூரம் வந்ததும், "படத்துக்கு என்னம்மா பண்ணுவ?" என்றாள்.

"யோசிக்கிறேன்."

நவம்பர் 19, செவ்வாய்

முதலில் முளைகளைப் பிடுங்கினோம். சௌரி அண்ணன் அடித்த முளை லேசில் வரவில்லை. வலையை உருட்டி ஓரமாகப் போட்டோம். புயல் ஒரு நாளெல்லாம் முயன்று செய்ய முடியாத காரியம் என்பதால் எங்களுக்கும் நேரமாயிற்று.

நான் ஏணியில் ஏறி முதல் ஓட்டை எடுத்தேன். இவர் சொன்னது சரிதான். முதல் ஓடுதான் கஷ்டம். பிறகு மற்றவை தானாக வருகின்றன. நான் மேலிருந்து கொடுக்க அபி கீழே வாங்கினாள். உடைக்க மனம் வரவில்லை. நல்ல ஓடு, இப்போது கிடைக்கிற சரக்கு இல்லை. மதிலோரமாக அடுக்கி வைத்தோம்.

பாதிக் கூரை வெறும் சட்டமாக ஆனதும் கீழே இறங்கி நின்று பார்த்தேன்.

"இது பத்தாதும்மா," என்றாள் அபி. "ரிப்பேர் பண்ற வீடு மாதிரிதான் இருக்கு. அந்தப் பக்கமும் எடுத்தாத்தான் நம்புவாரு."

அவளே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன தெரியும் என்று அவளும் கேட்கவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் நல்ல வளர்ப்பு.

படம் எடுக்கும்போது, அடுக்கி வைத்த ஓடுகள் தெரியாத மாதிரி கேமராவைத் திருப்பினாள். அடுப்பின் மேல் ஒரு தென்னை மட்டையைக் கொண்டுவந்து போட்டாள். அது தேவையில்லை என்றேன். "இருக்கட்டும்மா," என்றாள்.

மங்கை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய கூரை போயே போய்விட்டது. எங்கள் கூடத்தில்தான் தங்கியிருக்கிறாள். இருக்கிற கூரையை நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். என்ன நினைப்பாள்?

"அக்கா, அண்ணன் எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 20, புதன்

மெயின்ரோட்டுக்குப் போய்ப் படத்தை அனுப்பினோம். பார்த்துவிட்டு, "அடப்பாவி," என்று பதில் போட்டிருந்தார். புயலைத்தான்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு சங்கடம் வாசலில் நிற்கிறது. சேதக் கணக்கு எடுக்க வந்திருந்தார் ஒருவர், வெயிலில் வெந்து, கழுத்தில் ஈரத்துண்டோடு. நேராகக் கொல்லைக்குப் போய் அடுப்படியைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்," என்றேன்.

"ஏம்மா? கூரை முழுசா போயிருக்கே."

"அது புயல்ல போவல. நாங்கதான் பிரிச்சோம்."

"எப்ப?"

"நேத்து."

அவர் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊரெல்லாம் போவாததையும் போச்சுன்னு எழுதச் சொல்றாங்க. போயிருக்கறத எழுத வேணாங்கறது இந்த ஒரு வீடுதாம்மா. எதுக்குப் பிரிச்சீங்க?"

எதுக்கு என்று சொல்வது? "ஒட்டடை," என்றேன்.

மங்கைக்குச் சிரிப்பு தாங்காமல் ஆட்டைப் பிடிக்கிற சாக்கில் ஓடிவிட்டாள். அவர் போகும்போது, "பத்திரமா இருங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். மங்கை வீட்டைச் சரியாக எழுதிக்கொண்டாரா என்று இரண்டுமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

நவம்பர் 21, வியாழன்

மழை. புயலுக்கு நனையாத அடுப்பு இன்று நனைந்தது. கூடத்தில் ஆடுகளுக்கு நடுவில் சமைத்தோம்.

நவம்பர் 24, ஞாயிறு

வந்துவிட்டார்.

பஸ் இன்னும் ஊருக்குள் வரவில்லை. மெயின்ரோட்டிலிருந்து நடந்தே வந்தார். முன்பெல்லாம் வரும்போது கயிறு கட்டிய பெரிய பெட்டி ஒரு ஆளோடு தனியாக வரும். இந்தத் தடவை தோளில் ஒரு பை மட்டும். அபி ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். பை ரொம்ப லேசாக இருந்திருக்க வேண்டும்; அவள் அதை இரண்டு கையாலும் கஷ்டப்பட்டுத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தாள்.

தெருவில் பார்த்தவர்கள் யாரும் பெட்டியைக் கேட்கவில்லை. "புயலுக்கு வந்தீங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார்கள். மங்கை அவர் காலைத் தொடப்போய்விட்டாள். "அண்ணே, நீங்க சொன்னதாலதான் இன்னிக்கு நான் இருக்கேன்." அவர் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்ந்து ஒரு ஆட்டின்மேல் விழப்பார்த்தார். என் அண்ணன்கூட வந்து, "மாப்ள, நீங்க சொன்ன வலைய பத்தித்தான் ஊர்ல பேச்சு," என்று ஆரம்பித்தான். அபி அவனுக்கு அவசரமாகக் காப்பி கொடுத்தாள்.

வாசற்படியில் இவர் கொஞ்சம் தயங்கினார். "வாங்க, சாதம் ஆறுது," என்றேன். ஏறி வந்துவிட்டார்.

"எத்தனை நாள் லீவு?" என்று கேட்க வேண்டியது முறை. கேட்டேன்.

"வேலை முடியற வரைக்கும்," என்றார்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவினார். ஒன்றும் முறியவில்லை, ஒரு ஆணிகூடப் பிதுங்கவில்லை. பிறகு தலையைத் திருப்பி மதிலோரத்தைப் பார்த்தார். ஓடுகள் அங்கே, வரிசை வரிசையாக, அபியின் கயிறு மாதிரி ஒழுங்காக அடுக்கியிருந்தன. அதன் மேல் சுருட்டி வைத்த வலை.

ரொம்ப நேரம் அப்படியே கூரைமேல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை மரத்துவிட்டது. ஏணியை விடவில்லை.

"மனோ."

"ம்."

"இந்தப் புயலு, ஓட்ட ஒவ்வொன்னா எடுத்து, தொடச்சு, அடுக்கி வச்சுட்டுல்ல போயிருக்கு."

"ஆமாங்க," என்றேன். "எங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, "ஒரு ஓடு குடு," என்று கையை நீட்டினார்.

நவம்பர் 28, வியாழன்

சௌரி அண்ணன் இந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்தார். "இது ஒருநாள் வேலையாச்சே கலியமூர்த்தி," என்றார். அவருக்கு ஊரெல்லாம் வேலை கிடக்கிறது, கூட நிற்க நம்பிக்கையான ஆள் இல்லை. நாளையிலிருந்து வருகிறாயா என்று இவரைக் கேட்டார். இவர் யோசிக்கிற மாதிரி கொஞ்சநேரம் ஓட்டைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுப்படிதான் முடியவில்லை. சட்டம் பழசாகிவிட்டது, முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார். சட்டம் இரும்பு மாதிரி இருக்கிறது. ஆமாங்க, மாத்தித்தான் ஆவணும் என்றேன்.

இன்று இரண்டு ஓடு ஏறியது.